அப்பா ஜிம்முக்குப் போனதில்லை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் அனுப்பிய ஒரு படத்தில்தான் இது ஆரம்பித்தது. தலையில் முண்டாசு கட்டிய பெரியவர் ஒருவர், தோளில் மண்வெட்டி, பின்னால் உதிக்கும் சூரியன். கீழே கொட்டை எழுத்தில் ‘நம் பாட்டன் பூட்டன் ஜிம்முக்கா போனார்கள்?’ என்று ஒரு கேள்வி. அண்ணனுக்கு 66 வயது. காலை எட்டு மணிக்கு மாமாக் கடையில் போய் உட்கார்ந்தால் பத்து மணிக்குத்தான் எழுவார். இந்த மாதிரிப் படங்களெல்லாம் அங்கிருந்துதான் வரும். வழக்கமாக ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு முடியவில்லை. பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடியும் எழுதினேன், மறுபடியும் அழித்தேன். கடைசியில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனேன். அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

அதற்கு மூன்று வாரம் முன்பு பட்டர்வொர்த்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு காதுகுத்து. பாயில் உட்கார்ந்து பெண்களோடு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன், முக்கால் மணி நேரம் இருக்கும். சாப்பிடக் கூப்பிட்டார்கள். எழப் போனேன், எழ வரவில்லை. வலது கையை ஊன்றிப் பார்த்தேன். இடது முழங்காலை மடக்கி முன்னால் கொண்டுவந்து பார்த்தேன். உடம்பு பாதி தூரம் வந்து, கொஞ்சம் யோசித்து, திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டது. “டேய், அத்தையப் புடிங்கடா” என்று அண்ணி குரல் கொடுக்க, அண்ணன் பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கு இலையில் என்ன வைத்தார்கள் என்று கேட்டால் இப்போது எனக்குத் தெரியாது. எழும்போது வலி ஒன்றும் இல்லை, அதுதான் உறுத்தியது. வலி இருந்திருந்தால் பழியை அதன்மேல் போட்டிருக்கலாம். எனக்கு 61 வயதுதான் ஆகிறது.

நேரம் இருந்த ஒரு வருடம்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 34 வருடம் கிராணியாக இருந்தேன். அந்த 34 வருடமும் நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று: வேலையை விட்டதும் உடம்பைக் கவனிக்க வேண்டும். வீடு, பிள்ளைகள், படுக்கையில் மாமியார், ஜெலுத்தோங் சாலை நெரிசல், இதற்கு நடுவில் ஏது நேரம்? ஐம்பதைத் தொட்ட பயத்தில் ஒருமுறை உடற்பயிற்சிக்கூடம் ஒன்றில் ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன். பதினோரு முறை போனேன். அந்தக் கதையை இதற்குமேல் நீட்ட எனக்கு விருப்பமில்லை.

60 முடிந்தது, வேலையை விட்டேன், நேரம் கிடைத்தது. காலையில் தாவரவியல் பூங்காவில் நடப்பது என்று தீர்மானம். 1884-இல் போட்ட தோட்டம், பினாங்கில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் அங்கேதான். நாகலிங்க மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூவின் வாசத்துக்காகவே போகலாம், குரங்குகளிடம் பையைக் காட்டாமல் இருந்தால் சரி. ஆனால் நம் ஊரில் விடிவது எத்தனை மணிக்கு? 1982 ஜனவரி 1 அன்று மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி சபா, சரவாக்கோடு சேர்த்துவிட்டார்கள். அதிலிருந்து சூரியன் ஏழுக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் இருந்து வரும் காணொளிகளில் ‘ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணிக்கு நடங்கள்’ என்கிறார்கள். இங்கே ஆறு மணி என்பது நடு இரவின் கடைசிப் பகுதி. வெளிச்சம் வரும்வரை காத்திருந்தால் வீட்டுக்காரர் பசியாற வேண்டும், பாசாருக்குப் போக வேண்டும், ஒன்பதுக்கு வெயில் ஏறிவிடும். சரி, மாலையில் போகலாம் என்றால் மழை. மழை இல்லாத மாலையில் பேத்தி வருவாள்.

இவையெல்லாம் சாக்கு என்று எனக்கும் தெரியும். அலுவலகம் போன காலத்தில் நேரமே இல்லை என்பதால் நடக்கவில்லை. இப்போது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்பதால் நடக்கவில்லை. வாரத்துக்கு ஒருநாள், சில வாரம் இரண்டு நாள், பூங்காவை ஒரு சுற்று வந்துவிட்டு ‘நான் வாக்கிங் போகிறவள்’ என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காதுகுத்து வீட்டு விஷயத்தை, சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும் அரசு கிளினிக்கில் சொன்னேன். பிசியோவிடம் அனுப்பினார்கள். மலாய்ப் பெண், என் மகளைவிடச் சின்னவள். கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொள்ளச் சொன்னாள். 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்பார்களாம், அவ்வளவுதான் சோதனை. ‘சத்து, டுவா, தீகா’ என்று எண்ண ஆரம்பித்தாள். ஐந்தாவதில் தொடை நடுங்கியது. அவள் ‘லாப்பான்’ என்றபோது நேரம் முடிந்துவிட்டது. எட்டு. என் வயதில், அதாவது 60 முதல் 64 வரை உள்ள பெண்களுக்கு, 12-க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே என்று கணக்கு, விழுந்துவிடும் ஆபத்தும் கூடுதல். “மாக்சிக் நடப்பது நல்லதுதான். ஆனால் நடப்பது வேறு, எழுவது வேறு” என்றாள். நடை இதயத்தையும் மூச்சையும் பார்த்துக்கொள்ளும். தரையில் இருந்து நம்மைத் தூக்குவது தொடையும் பிட்டமும். அந்தத் தசை 30 வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 விழுக்காடு கரைகிறது, அறுபதுக்குமேல் இன்னும் வேகமாக. நான் பூங்காவில் சமதரையில் உலாவிக்கொண்டிருந்தபோது அது பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்திருக்கிறது.

22 படி

அடுத்த வாரம் ஒரு பத்திரத்தில் கையெழுத்துக்காகப் பழைய அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் கடைவீட்டுப் படியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பலகைப் படி, ஏணி மாதிரி செங்குத்து, பல பேர் கை பட்டுக் கறுத்து வழவழப்பான கைப்பிடி. ஏறினேன். பதினான்காவது படியில் நின்றுவிட்டேன், மூச்சு வாங்கியது. எதிரே சுவரில் மழைத்தண்ணீர் இறங்கிய ஒரு கறை, பழுப்பு நிறத்தில், கிட்டத்தட்ட பினாங்குத் தீவின் வடிவத்தில். அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. 34 வருடம் ஏறி இறங்கிய படி, அந்தக் கறையும் ஒரே நாளில் வந்ததாகத் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது: பார்த்ததில்லை என்றால், அந்த இடத்தில் நான் ஒருநாளும் நின்றதில்லை.

இறங்கும்போது எண்ணினேன். 22 படி. கழிப்பறை கீழே, ஃபோட்டோஸ்டேட் இயந்திரம் கீழே, வயதான கட்சிக்காரர்கள் மாடி ஏற மாட்டார்கள் என்பதால் அவர்களைப் பார்ப்பதும் கீழே, தே ஓ வாங்குவது எதிர்க்கடையில். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறையாவது போய் வந்திருப்பேன். ஏறியது 264, இறங்கியது 264, இதோடு பஸ் நிறுத்தத்தில் இருந்து நடந்தது தனி. அந்தப் படியைத் திட்டாத நாள் கிடையாது. ஃபோட்டோஸ்டேட் இயந்திரத்தை மாடிக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் சண்டையே போட்டிருக்கிறேன். நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

உடற்பயிற்சிக்கு நேரம் இல்லை என்று நான் புலம்பிய வருடங்களில்தான் தினமும் அது நடந்துகொண்டிருந்தது. என் அனுமதி இல்லாமல், சம்பளத்தோடு. வேலையை விட்ட அன்று பூமாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். அன்றோடு 22 படியும் போனது. அதை ஒரு இழப்பாக யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு வருடத்தில் தொடை கணக்கைக் காட்டிவிட்டது.

பிறகு தேடிப் படித்தபோது இதே படிக் கணக்கை 1953-இலேயே ஒருவர் போட்டுவிட்டார் என்று தெரிந்தது. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர். லண்டன் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், நடத்துநர் டிக்கெட் கொடுக்க 500 முதல் 750 படிவரை ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே சீருடை, ஆனால் மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவு. அதை அவர் லான்செட் இதழில் எழுதினார். பிற்பாடு அவரே இன்னொன்றையும் கண்டுபிடித்தார்: ஓட்டுநர்களுக்கு வேலையில் சேரும்போதே கால்சட்டை இடுப்பளவு பெரிது! ஆக எல்லாப் புகழும் படிக்கே என்று சொல்லிவிட முடியாது. தன் முடிவைத் தானே குடைந்து பார்த்த அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. 99 வயதுவரை இருந்தார்.

காண்டா

இங்கேதான் அண்ணனின் படம் மறுபடி குறுக்கே வந்தது. நடத்துநர் படி ஏறியது உழைப்பு, நான் 22 படி ஏறியதும் உழைப்பு. அப்படியென்றால் பாட்டன் பூட்டன் விஷயத்தில் அண்ணன் சொல்வது சரிதானே?

எங்கள் பாட்டனைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அப்பாவைத் தெரியும். நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம். அதற்கப்புறம் பால் எடுத்து இரண்டு வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் மாட்டி, தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். நாசி கண்டார் சாப்பிடும் யாருக்கும் அந்தக் கம்பு அன்னியம் இல்லை. நம் முஸ்லிம் மாமாக்கள் ஒரு காலத்தில் பினாங்குத் தெருக்களில் சோற்றையும் குழம்பையும் அதே கம்பில்தான் சுமந்து விற்றார்கள், மலாயில் அந்தக் கம்புதான் கண்டார். இப்போது கம்பு பெயரில் மட்டும் இருக்கிறது, நாம் உட்கார்ந்து இரண்டு தட்டு வாங்குகிறோம். போகட்டும்.

அப்பாவுக்கு வலது தோளில் ஒரு காய்ப்பு இருந்தது, கோழிமுட்டை அளவுக்கு. சின்ன வயதில் நான் அதைத் தொட்டு விளையாடியிருக்கிறேன். 55 வயதில் அவரால் வலது கையைத் தோளுக்குமேல் தூக்க முடியாது. தலை வார வேண்டும் என்றால் சீப்பை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலையைச் சீப்பிடம் குனிந்து கொண்டுபோவார். முன்பக்கம் மட்டும் படியும். பின்பக்கத்தை அம்மா வாரிவிடுவார். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள், காலையில் நடக்கும் ஒரு வேலை அது. 63-இல் அப்பா போய்விட்டார். அந்தத் தோட்டத்தில் அறுபதைத் தாண்டிய ஆண்களை விரல்விட்டு எண்ணலாம். எண்பது வயதிலும் ஓடியாடும் பாட்டன், படத்தில் மட்டும்தான்.

அம்மாவையும் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் என் கட்சிக்கு வசதியாக மறைத்ததாகிவிடும். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்த அம்மா கடைசிவரை அரிவாள்மனையில் குந்தி உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்தார். அது என்னிடம் இல்லாத பலம். ஆனால் எழுந்தாலும் நிமிர முடியாது. முதுகு வளைந்தது வளைந்ததுதான்.

டென்மார்க்கில் ஆண்டிரியாஸ் ஹோல்டர்மான் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் இதைப் பல வருடமாக ஆராய்கிறார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைப்பது இதயத்துக்கு நல்லது, அதையே கூலிக்காக நாள் முழுக்கப் பாரம் தூக்கிச் செய்தால் அந்த நன்மை கிடைப்பதில்லை, கெடுதலாகக்கூட ஆகலாம் என்கிறார்கள். காரணம் விளங்காதது அல்ல. எட்டு மணி நேரம் விடாமல், ஒரே பக்கமாக, ஒரே தோளில், போதிய ஓய்வும் இல்லாமல், நிறுத்தலாமா வேண்டாமா என்பதும் தன் கையில் இல்லாமல் செய்வது அது. தசை வளர்வது அதற்கு வேலை கொடுத்துவிட்டு ஓய்வும் கொடுக்கும்போதுதான். அப்பாவுக்கு மறுநாள் காலையும் பெரட்டு இருந்தது. என் 22 படியும் நடத்துநரின் மாடிப்படியும் தப்பித்தது எப்படி என்றால், நாங்கள் பாரம் சுமக்கவில்லை, நடுநடுவே நின்றோம், உட்கார்ந்தோம்.

அப்பா ஜிம்முக்குப் போகாதது உண்மைதான். சாயங்காலம் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தவரிடம் யாராவது ‘கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணுங்க’ என்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். கெட்ட வார்த்தை பேசத் தெரியாத மனிதர், ஆனாலும் அன்றைக்குப் பேசியிருப்பார்.

சோறு வேகும் நேரம்

இப்போது நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. இழந்த 22 படியை வீட்டுக்குள் அங்கங்கே ஒளித்துவைக்கப் பார்க்கிறேன். ரைஸ் குக்கரைத் தட்டிவிட்டதும் சமையலறை நாற்காலியில் பத்து முறை எழுந்து உட்காருவது. அரிசி பாதி வெந்திருக்கும்போது இன்னொரு பத்து. முதல் வாரம் பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கிப் பின்னால் போய், நான் தரையில் ‘பொத்’தென்று விழுந்து, இரண்டு நாள் பக்கவாட்டில் படுத்தேன். அந்தப் பிசியோ பெண் நாற்காலியை ஏன் சுவரோடு ஒட்டிப் போட்டாள் என்பது அப்போது புரிந்தது. இப்போது அது ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருக்கிறது, அதை யார் நகர்த்தினாலும் எனக்குக் கோபம் வரும். பல் துலக்கும்போது தொட்டியின் விளிம்பை ஒரு விரலால் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது. பாசாரில் தள்ளுவண்டிப் பையை விட்டுவிட்டு, சாமானைச் சரிபாதியாக இரண்டு கைக்கும் பிரித்துத் தூக்குவது. ஒரே கையில் தூக்குவதில்லை. அது அப்பாவுக்காக.

எனக்குத் தெம்பு கொடுத்த செய்தி ஒன்று உண்டு. முன்பெல்லாம் உலகச் சுகாதார நிறுவனம், குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று சொல்லிவந்தது. 2020-இல் அந்தப் பத்து நிமிட விதியை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை, 65-க்குமேல் மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி. இவற்றைத் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் செல்லும். அப்புறம் பாஸ்டன் முதியோர் இல்லத்துக் கதை. 1990-இல் வந்த ஆய்வு. 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்த ஒன்பது பேருக்குக் கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். இதை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். “தொண்ணூறுக்குப் பார்த்துக்கலாம்னா இப்ப எதுக்கு அவசரம்?” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குத் தண்ணீர்மலை. மேலே பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. 2012-இல் குடமுழுக்கு ஆன புதுசில் ஒரே மூச்சில் ஏறினேன் என்று எல்லாரிடமும் சொல்வேன், அது பொய், மூன்று இடத்தில் நின்றேன். இந்த முறை ஆரம்பித்தபோது 120-இலேயே உட்கார்ந்துவிட்டேன். முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் கீழே கடையில் தே தாரிக்கோடு இருப்பார், நான் இறங்கும்போது பார்த்துவிட்டு எத்தனை என்று விரலால் கேட்பார். ஏறும்போது மூச்சுக்குக் கஷ்டம், இறங்கும்போது முழங்காலுக்குக் கஷ்டம், அதனால் இறங்குகையில் கம்பியை விடுவதில்லை. தீபாவளி முறுக்கு வேலையில் மூன்று வாரம் எல்லாமே நின்றுபோனது. திரும்பப் போனபோது 120-இல் இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, 200-வரை உடம்பு ஞாபகம் வைத்திருந்தது. போன மாதம் நாற்காலியில் 30 விநாடிக்கு 13. தரையில் இருந்து எழுவதற்கு இன்னும் ஒரு கை வேண்டியிருக்கிறது, ஆனால் அது என் கை.

அண்ணனுக்குப் பதில் எழுதியது இத்தனைக்கும் பிறகுதான். குழுவில் போடவில்லை, தனியாக அனுப்பினேன். விவாதம் ஒன்றும் பண்ணவில்லை. ‘அண்ணே, அப்பா எப்படித் தலை வாருவார்னு ஞாபகம் இருக்கா?’ என்று மட்டும். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மறுநாள் காலை குழுவில் சீரகத் தண்ணீரின் மகிமை வந்தது. தண்ணீர்மலையில் முந்நூறாவது படியை ஒட்டிய நிழலில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, வழக்கம்போல ஒரு கும்பிடு போட்டேன்.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தனியாக ஒரு வரி வந்தது.

‘வலது கைதானே?’

‘ஆமாண்ணே. வலது கை.’